தடயவியல் அறிக்கையை யாருக்கு, எந்த அளவுக்குக் கொடுக்கலாம்?

கேள்வி: வேலையை விட்டுப் போன ஊழியர் எங்கள் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துச் சென்றாரா என்று தெரிந்துகொள்ள, அவர் பயன்படுத்திய அலுவலக லேப்டாப்பையும் போனையும் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தோம். அறிக்கை பென் டிரைவில் வந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் நகல் கேட்கிறது. அறிக்கையைச் சரிபார்த்து, இழப்பீடும் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகரும் கேட்கிறார். வாட்ஸப்பில் அனுப்பிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு யாருக்கும் எதையும் அனுப்பாதீர்கள். வாட்ஸப்பில் போகும் வழியில் யாரும் படிக்க முடியாதுதான். ஆனால் வாங்கியவரின் போனிலும் பேக்கப்பிலும் அது தங்கிவிடும். அங்கிருந்து யாருக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

முதலில் பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று, ஆய்வாளரின் முடிவைச் சொல்லும் சில பக்கங்கள். இன்னொன்று, கருவிகளிலிருந்து எடுத்ததை எல்லாம் கொட்டி வைத்த ஃபோல்டர்: தொடர்பு எண்கள், அழித்த செய்திகள், போன இடங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கிகள் (ஏற்கெனவே லாகின் செய்தவர் இவர் என்பது போன்றவற்றை இணையதளம் பிரவுசரில் குறித்து வைக்கும் சிறு பதிவுகள்). காலாவதியாகாத லாகின் குக்கி ஒன்று சிக்கினால் பாஸ்வேர்டோ ஓடிபியோ இல்லாமலே கணக்குக்குள் நுழைய முடியும். லேப்டாப்பில் வைரஸ் இருந்திருந்தால் அதன் ஃபைலும் அந்த ஃபோல்டரில் கிடக்கலாம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் பகுதியும், அதற்கு ஆதாரமான அட்டவணைகளும் போதும். இதைப் பிரித்துத் தர வேண்டியது ஆய்வகத்தின் வேலை. எல்லாவற்றையும் ஒரே டிரைவில் போட்டுக் கையெழுத்து வாங்கினால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கேட்கும் அலுவலகங்களும் அப்படித்தான், எதற்கென்று யோசிக்காமலே ‘முழு அறிக்கை’ என்று எழுதிவிடுகின்றன. எந்தக் கேள்விக்கு எந்தப் பகுதி தேவை என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்த ஆலோசகரை விட்டு விலகுங்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஃபைல் மாறவில்லை என்பதை உறுதிசெய்ய ஆய்வகம் தந்த எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் இருக்கிறது; ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு அது. இலவச மென்பொருளில் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆய்வு சரியா என்ற சந்தேகம் இருந்தால் அதைப் பார்க்க வேண்டியவர் இன்னொரு தடயவியல் ஆய்வாளர், தரகர் இல்லை. இவர் ‘திருத்தித் தருகிறேன்’ என்று ஒரு எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் மாறிவிடும், உங்கள் ஆதாரமே சந்தேகத்துக்குள்ளாகும். அதோடு, திருடு போனதாக நீங்கள் அஞ்சும் அதே வாடிக்கையாளர் பட்டியலை உங்கள் கையாலேயே அவருக்குக் கொடுத்ததாகிவிடும். இலவசமாக பிடிஎஃப்பைச் சுருக்கித் தரும் இணையதளங்களிலும் ஏற்றாதீர்கள். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் போடுவதும் வேண்டாம். அங்கே ஏற்றும் ஃபைல்களைக் கட்டணச் சந்தாதாரர்கள் இறக்கிக்கொள்ள முடியும்.

பெயர்களை மறைக்க பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் போட்டால் மட்டும் போதாது. எழுத்து அடியிலேயே இருக்கும். 2019-ல் அமெரிக்காவில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மனாஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில், கறுப்புக் கட்டத்துக்கு அடியில் இருந்ததைச் செய்தியாளர்கள் காப்பி செய்து படித்துவிட்டார்கள். போன் எண்ணுக்குப் பதில் அதன் ஹாஷைப் போடுவதும் வீண். 10 இலக்க எண்கள் மொத்தமே 1000 கோடிதான். கணினி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நீதிமன்றமோ விசாரணை அமைப்போ அதிகாரபூர்வமாகக் கேட்டால் எதையும் வெட்டக் கூடாது, மறைக்கக் கூடாது, ஃபைல் பெயரைக்கூட மாற்ற வேண்டாம். ஆய்வகம் தந்தது தந்தபடியே, ஹாஷோடு, ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். சில பக்கங்கள் வெளியே போகக் கூடாது என்றால் அதை வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்திடம் கேளுங்கள், நீங்களாக நீக்காதீர்கள். காப்பீட்டுக்காகச் செய்த பிரதிக்கு ஹாஷ் வேறாகத்தான் இருக்கும்; அதில் ‘மறைக்கப்பட்ட பிரதி’ என்று குறித்து, மூலத்தோடு கலக்காமல் தனியே வையுங்கள். இரண்டும் மாறிப் போனால் பிறகு விளக்கம் சொல்லி மாளாது.

அனுப்பும்போது 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில், ஃபைல் பெயர்களையும் மறைக்கும் வசதியோடு பூட்டுங்கள். பாஸ்வேர்டை மெயிலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள். எப்போது அழிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், அறிக்கையில் தென்படும் நிறுவனக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை இன்றே மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்துவிடுங்கள். அந்த ஊழியரின் சொந்தக் கணக்கு விவரங்கள் கண்ணில் பட்டால் அவற்றைப் பயன்படுத்தி உள்ளே போய்ப் பார்க்காதீர்கள். அவற்றை நீக்கிய பயன்பாட்டுப் பிரதி ஒன்றை ஆய்வகத்திடம் கேட்டு வாங்குங்கள்.