வலைப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்த்தல்: கேள்வி பதில்

கேள்வி: எல்லா மின்னஞ்சல் முகவரிகளையும் பிழையின்றிச் சோதிக்கும் ரீஜெக்ஸ் (எழுத்துவரிசை குறிப்பிட்ட வடிவில் உள்ளதா என்று பார்க்கும் சூத்திரம்) ஒன்றைத் தருவீர்களா, ஐயா?

பதில்: அதைத் தேடுவதையே விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்து 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5322 என்னும் இணையத் தர ஆவணம், மேற்கோள் குறிகளுக்குள் இடைவெளி உள்ள பெயரையும் அடைப்புக்குறிக்குள் எழுதும் குறிப்பையும்கூட அனுமதிப்பதால், அந்த விதிகள் அனைத்தையும் தழுவும் ரீஜெக்ஸ் யாராலும் பராமரிக்க இயலாத அளவுக்கு நீண்டுவிடும். பலரும் எடுத்து ஒட்டும் குறுகிய ரீஜெக்ஸ்களோ உண்மையான முகவரிகளையே மறுக்கின்றன. டொமைனின் (@ குறிக்குப் பின் வருவதன்) கடைசிப் பகுதி நான்கு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்னும் பழைய விதி, ‘.museum’ என்று முடியும் முகவரி வைத்திருப்பவரைப் பொய்யராக்கிவிடுகிறது. வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லின் தர ஆவணமே தன் மின்னஞ்சல் பெட்டிக்கு ஆர்எஃப்சியிலிருந்து தெரிந்தே விலகிய எளிய விதியைத்தான் வகுத்திருக்கிறது. படிவம் தட்டச்சுப் பிழையைப் பிடித்தால் போதும். முகவரி பயனருடையதுதானா என்பதை, அதற்கு அனுப்பும் உறுதிப்படுத்தல் அஞ்சல் மட்டுமே காட்டும்.

கேள்வி: முகவரியின் பெயரிலுள்ள கூட்டல் குறியையும் அதற்குப் பின் @ வரை வருவதையும் நீக்கிவிட்டுச் சேமிக்கலாமா? அதை மாற்றி மாற்றி எழுதி ஒருவரே பல கணக்குகள் தொடங்குகிறார்.

பதில்: கூடாது. கூட்டல் குறிக்குப் பின்வருவதையும் பெயரிலுள்ள புள்ளிகளையும் பொருட்படுத்தாமல் விடுவது ஜிமெயிலின் வழக்கம். வேறு சர்வரில் அவை வேறொருவரின் முகவரியைக் குறிக்கலாம். பயனர் எழுதியதை எழுதியபடியே வைத்திருங்கள், முன்பின் இடைவெளிகளை மட்டும் நீக்குங்கள்.

கேள்வி: அந்த முகவரி உண்டா என்று சர்வரிடமே கேட்க முடியாதா?

பதில்: எரிதஞ்சல் அனுப்புவோர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பதால், அதற்கான விஆர்எஃப்ஒய் கட்டளையைப் பெரும்பாலான சர்வர்கள் முடக்கியுள்ளன. டொமைனுக்கு எம்எக்ஸ் பதிவு (அதன் அஞ்சலைப் பெறும் சர்வர் எது என்று சொல்லும் பதிவு) உண்டா என்று பார்க்கலாம். ஆனால் அது இல்லாவிட்டால் டொமைனின் நேரடி ஐபி முகவரிக்கே அனுப்ப வேண்டும் என்று ஆர்எஃப்சி 5321 சொல்வதால், அதை மட்டும் வைத்து மறுக்காதீர்கள்.

கேள்வி: தமிழ் எழுத்தில் முகவரி வந்தால்?

பதில்: ஏற்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய டொமைன்கள் உள்ளன. பெயர்ப்பகுதியிலும் (@ குறிக்கு முன் வருவதிலும்) தமிழை அனுமதிக்கும் ஆர்எஃப்சி 6531 2012இலேயே வந்துவிட்டது. உங்கள் அஞ்சல் சர்வர் அதை ஆதரிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர்ப்பகுதிக்கான 64 என்ற வரம்பு எழுத்துகளுக்கானதன்று, பைட்டுகளுக்கானது. யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் பிடிக்கும்.

கேள்வி: உறுதிப்படுத்தும் இணைப்பை எப்படி அமைப்பது?

பதில்: ஊகிக்க முடியாத, காலாவதியாகும் டோக்கன் (இரகசியக் குறிச்சரம்) அதில் இருக்கட்டும். சில நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் அஞ்சலிலுள்ள இணைப்புகளைத் தாமே திறந்து பார்ப்பதால், இணைப்பு திறக்கப்பட்டவுடன் கணக்கை உறுதிசெய்துவிடாமல், அந்தப் பக்கத்தில் பயனர் அழுத்துவதற்கு ஒரு பொத்தானை வையுங்கள்.