உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் மனிதர்கள் உண்மையிலேயே மாறுகிறார்களா?

கையெழுத்துப் போட்டதால் மட்டும் யாரும் மாறுவதில்லை என்பதே என் பதில். கையெழுத்தான காகிதம் அதற்கப்புறம் எங்கே இருக்கிறது, அதைச் சொல்லிக் கேட்க யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

நான் இருப்பது பெங்களூரில். 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு இங்கே குப்பைக்கு ‘இரண்டு தொட்டி, ஒரு பை’ முறை வந்தது. சமையலறைக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, டயபர், நாப்கின் வகைகளுக்குச் சிவப்புத் தொட்டி, காகிதம் பிளாஸ்டிக்குக்கு ஒரு பை. எங்கள் அடுக்குமாடியில் பிரித்துத்தான் போடுவோம் என்று ஒரு படிவம் அச்சடித்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். அநேகமாக எல்லோரும் போட்டோம். படிவங்கள் ஃபைலுக்குள் போயின. குப்பை எடுக்கிற அக்கா மட்டும் பழையபடியே சாம்பார் சாதத்துக்குள் கையை விட்டு பால் பாக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். படித்தவர்கள் இருக்கும் கட்டிடம் இது. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

பிறகு அந்தப் படிவத்தை வீட்டு எண்களோடு ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார்கள். அக்காவும் கலந்து வைத்த தொட்டியை எடுக்காமல் வாசலிலேயே விட்டுவிட ஆரம்பித்தார். “பிரிச்சு வைங்கம்மா, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்” என்பார், அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரர் பார்க்க நாள் முழுக்கத் தொட்டி வாசலில் கிடப்பதை யாரும் விரும்புவதில்லை. மாற்றம் அப்போதுதான் வந்தது. காகிதத்தைவிட அக்கா மறுத்ததுதான் அதிகம் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஆனால் ‘நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே’ என்று அவரால் சொல்ல முடிந்ததும் அந்தக் காகிதத்தால்தான்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. அமெரிக்காவில் திருமணம் வரை உடலுறவு வேண்டாம் என்று உறுதிமொழி எடுத்த பதின்வயதினரை, பல வகையிலும் அவர்களைப் போலவே இருந்து உறுதிமொழி மட்டும் எடுக்காதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் திருமணத்துக்கு முன் உடலுறவு கொண்டதில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. உறுதிமொழி எடுத்தவர்களில் 82 சதவீதம் பேர் அப்படி எதுவும் எடுத்ததே இல்லை என்று சொன்னார்கள்! இந்த மாதிரி ஒப்பீடு ரொம்ப முக்கியம். ஏற்கெனவே மனம் இருப்பவர்தான் முதலில் கையெழுத்துப் போடுவார். அப்புறம் அவர் நன்றாக நடந்துகொண்டால் பெருமை காகிதத்துக்குப் போய்விடும்.

படிவத்தின் அடியில் போடாமல் மேலேயே கையெழுத்துப் போட்டால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை வந்தது. அதிலிருந்த ஒரு சோதனையின் தரவுகள் போலி என்று அம்பலமாகி, 2021-இல் அது திரும்பப் பெறப்பட்டது. இன்னும் சிலர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள், நம்ப வேண்டாம்.

பலன் தந்ததும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் சில மருத்துவர்கள், தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் எழுத மாட்டோம் என்ற கடிதத்தில் தங்கள் படத்தோடு கையெழுத்திட்டு, நோயாளிகளைப் பார்க்கும் அறையிலேயே ஒட்டி வைத்தார்கள். ஒட்டாதவர்களோடு ஒப்பிட்டால், தேவையற்ற மருந்துச்சீட்டுகள் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. 2014-இல் வெளிவந்த சிறிய ஆய்வுதான் இது. ஆனாலும் காரணம் புரிகிறது: மருந்து எழுதுகிற அதே நிமிடத்தில் கடிதம் கண்ணெதிரே இருக்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பவரும் அதைப் படித்திருக்கிறார்.

அதே 2014-இல் தூய்மை இந்தியா உறுதிமொழியில் வருடத்துக்கு 100 மணி நேரம், வாரத்துக்கு 2 மணி நேரம் உழைப்பதாகச் சொன்னோம். எண்ணிக்கை தெளிவாக இருந்தது. ‘இந்த வாரம் செய்தாயா’ என்று கேட்கத்தான் ஆளில்லை.

அதனால் உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ கையெழுத்து கேட்டு வந்தால், போடுங்கள். போடும்போதே, இதை எங்கே ஒட்டப் போகிறீர்கள், செய்யாவிட்டால் யார் வந்து கேட்பார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.