நெட் தேறியாச்சு, பிஎச்.டி.க்கு அடுத்து என்ன?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ.வில் (சமூகப் பணி முதுநிலைப் படிப்பு) 58 சதவீதம். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' பிரிவில் தேறியிருக்கிறேன். இனி எப்படி விண்ணப்பிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள். இந்தப் பிரிவில் நெட் மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். சேர்க்கைக்கான மொத்த மதிப்பெண்ணில் அதற்கு 70 சதவீதப் பங்கு, நேர்முகத் தேர்வுக்கு 30 சதவீதப் பங்கு. முதுநிலையில் 55 சதவீதம் போதும். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

பலர் சறுக்குவது ஆய்வு வழிகாட்டி விஷயத்தில்தான். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். காலியிடம் உண்டா என்று விசாரிக்காமல் விண்ணப்பித்தால் கட்டணம் தண்டம். ஒரு பக்க ஆய்வுச் சுருக்கத்தோடு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

'முதியோர் பிரச்சினைகள் – ஓர் ஆய்வு' போன்ற தலைப்பு எடுபடாது (இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது!). 'திண்டுக்கல்லில் தனியே வாழும் முதிய பெண்கள் அரசு உதவித்தொகை பெறுவதில் உள்ள தடைகள்' என்றால் யார், எங்கே, எது என்பது தெரிகிறது. ஆய்வுக்கான மாதிரி (சாம்பிள்) 300 பேர் என்று எழுதினால், எந்தப் பட்டியலிலிருந்து, எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். நேர்முகத்தில் துருவுவது அங்கேதான்.

வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாகச் சேர்வதானால், நிறுவனத்தின் தடையின்மைச் சான்றை இப்போதே கேட்டு வையுங்கள்.