சுஜாதாவின் கணேஷ்-வசந்த் துப்பறியும் நாவல்களை வரிசைப்படிதான் வாசிக்க வேண்டுமா? வாசித்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வரிசை தேவையில்லை. நான் வாசித்தது தலைகீழாகத்தான், அதுவும் ஓட்டையோடு.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் மாமி வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. குமுதத்தில் வந்த தொடர்கதைகளைக் கிழமைக்குக் கிழமை கிழித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, மட்டை போட்டு அதில் அடுக்கி வைத்திருந்தார். சுஜாதா 1981இல் எழுதிய ‘கொலையுதிர் காலம்’ எனக்குக் கிடைத்தது அந்தப் பெட்டியிலிருந்துதான். தொண்ணூறுகளின் ஊரடங்கு இரவுகள், கரண்ட் இல்லை, குப்பி விளக்கு. பேய் வருகிற கதைக்கு அதைவிடத் தோதான வெளிச்சம் கிடையாது. நடுவில் இரண்டு அத்தியாயங்களைக் காணோம். கேட்டால், “அந்தக் கிழமை புத்தகம் கடைக்கு வரல்லகா. என்ன நடந்திருக்கும் எண்டு நீயே யோசி, மறுகா நான் சொல்றன்” என்பார். அவருக்கும் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்த இரண்டு அத்தியாயங்கள் இல்லாமலும் கதை தாக்குப் பிடித்தது. நடப்பதற்கெல்லாம் வக்கீல் கணேஷ் விஞ்ஞானத்தில் விளக்கம் தேடுவான், அவனுடைய ஜூனியர் வசந்த் பேய்தான் என்று பயப்படுவான். யார் செய்தது என்பதைவிட இந்த இழுபறிதான் அங்கே ருசி. பல வருடம் கழித்து முழுப் புத்தகத்தை வாங்கி விடுபட்ட பக்கங்களைப் படித்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நான் யோசித்து வைத்திருந்தது அதைவிடப் பயங்கரம். (ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை. 2004 டிசம்பரில் கடலோடு போய்விட்டது.)

சரி, வரிசைக்கு வருகிறேன். முதலில் வந்தது 1968இல் ‘நைலான் கயிறு’. அதில் கணேஷ் மட்டும்தான், வசந்த் பிறகுதான் ஜூனியராக வந்து சேருகிறான். ஆகவே வரிசைப்படி தொடங்கினால் முதல் புத்தகத்திலேயே வசந்தைத் தேடிக் களைப்பீர்கள். ‘ப்ரியா’வை ரஜினி படம் பார்த்துவிட்டு எடுக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: படம் சிங்கப்பூரில், நாவல் லண்டனில்.

வாசகர்கள் உண்மையில் சண்டை பிடிப்பது வசந்தைப் பற்றித்தான். மாமியின் மகன், என் மச்சான், வசந்த் இல்லாவிட்டால் அது வெறும் வக்கீல் கதை என்பான். பதினைந்து வயதில் நானும் அந்தக் கட்சிதான். இப்போது திரும்ப வாசிக்கும்போது, ஒரு பெண் அறைக்குள் வந்தால் அவள் வந்த விசயத்துக்கு முன்னால் அவள் உடம்பைப் பற்றி நாலு வரி வருவது சலிப்பைத் தருகிறது. வசந்த் மட்டுமல்ல, கதை சொல்கிறவரும் சேர்ந்துதான் பார்க்கிறார். அந்தக் காலத்து எழுத்து அப்படித்தான் என்று மச்சான் சமாளிப்பான். அதே காலத்தில் அப்படி எழுதாதவர்களும் இருந்தார்களே என்பேன் நான். கணேஷ் அதிகம் பேசாமல் ஒரு சின்ன முரணைப் பிடித்துக்கொண்டு போகிற இடங்கள்தான் இப்போது எனக்குப் பிடிக்கிறது. தொடங்குகிறவருக்கு ‘கொலையுதிர் காலம்’ என்றுதான் சொல்வேன்.

ஒரு விசயத்தில் மட்டும் நானும் மச்சானும் ஒரே பக்கம்: மெக்ஸிகோ சலவைக்காரி பகிடி. வசந்த் அதைத் தொடங்குவான், யாராவது தடுத்துவிடுவார்கள். 2008இல் சுஜாதா காலமாகும்வரை அதை முழுதாகச் சொல்லவே இல்லை. மாமியின் பெட்டியில் இல்லாத அத்தியாயம் மாதிரி, இதையும் நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். மச்சான் யோசித்து ஒரு முடிவும் கட்டி வைத்திருக்கிறான். கலியாண வீடுகளில், மாமி எழும்பிப் போன பிறகு சொல்லுவான். இங்கே எழுத முடியாது.