மறுமொழி: எந்த மாணவர் குழுவில் சேர்வது?

வணக்கம். அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் முதலாண்டு சேரவிருக்கும் தாங்கள், தெற்காசிய மாணவர் சங்கத்தில் சேர்வதா, குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படிப்போருக்கான குழுவில் சேர்வதா என்றும், கறுப்பின மாணவர் சங்கத்தின் கூட்டங்களுக்குச் செல்வது முறையா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இரண்டாவது ஐயம் தேவையற்றது. 1968இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தோன்றிய கறுப்பின மாணவர் சங்கம் இன்று பல கல்லூரிகளில் இயங்குகிறது. பொதுக் கூட்டங்களுக்குப் பிற மாணவர் வருவதும் வழக்கமே. குழுக்கள் எல்லோருக்கும் திறந்திருப்பது விதியாகவே இருந்த இடமும் உண்டு: சான்பிரான்சிஸ்கோவில் அப்போது ஹேஸ்டிங்ஸ் எனப்பட்ட சட்டக் கல்லூரி, அங்கீகாரம் பெறும் குழு தன்னில் சேர விரும்பும் மாணவர் எவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதித்த நிபந்தனையை, 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ஏற்றது.

முதல் கேள்விக்கு என் கருத்து: இரண்டிலும் சேருங்கள், ஆனால் முதல் பருவத்தில் பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள். முதலாண்டில் பல பாடங்களின் மதிப்பெண் பருவ இறுதித் தேர்வு ஒன்றையே பெரிதும் சார்ந்திருப்பதால், அதே பேராசிரியரிடம் படித்த மூத்த மாணவர் தொகுத்த பாடச் சுருக்கமும், அப்பேராசிரியர் தேர்வில் எதை எதிர்பார்ப்பார் என்ற அனுபவ அறிவுமே இக்குழுக்கள் தரும் பெரும் பயன். வழக்கறிஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இத்தகைய வழிகாட்டல் ஓரளவு வீட்டிலேயே கிடைத்துவிடும். நமக்குக் கேட்டால்தான் கிடைக்கும். எனவே விருந்துகளைத் தவறவிட்டாலும் (சமோசா எங்கும் ஓடிவிடாது) பாடச் சுருக்கம் பகிரும் அமர்வையும் வேலைக்கான மாதிரி நேர்காணலையும் தவறவிடாதீர்கள்.