தகரம் வியர்க்கிறது, ஜன்னல் சீட்டியடிக்கிறது: மலை வீட்டுக் கேள்வி-பதில்

குளிர் தாங்கவில்லை என்று எழுதியவர்களில் பலருக்கும் உண்மையான தொல்லை ஈரம்தான். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், அடுத்து காற்றை, அதற்குப் பிறகே பஞ்சும் தெர்மாகோலும் வாங்குங்கள்.

ஊட்டி தலைக்குந்தா பக்கம் தகரக் கூரை வீடு. ஜனவரி விடிகாலையில் மழையே இல்லாமல் கட்டில்மேல் சொட்டுகிறது. எவ்வளவு தேடியும் ஓட்டை கிடைக்கவில்லை.

ஓட்டை இருக்காது. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். நீங்கள் விடும் மூச்சு, சோறு வடித்த ஆவி, உள்ளே காயப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் அதன் அடியில் முத்து முத்தாகப் படியும். விடிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். பொடித் துளிகள் ஷீட் முழுக்கப் பரவியிருந்தால் வியர்வை. ஒரு ஸ்க்ரூவிலிருந்து மட்டும் கோடு இறங்கியிருந்தால் கசிவு, அங்கே ரப்பர் வாஷர் வெடித்திருக்கும். ஸ்க்ரூவை அளவுக்கு மேல் முறுக்கினாலும் வாஷர் பிளந்துவிடும்.

வியர்வைக்கு மருந்து சீலிங். அறையிலிருந்து மேலே போகும் வரிசை இது: சீலிங் போர்டு, அதன்மேல் 200 மைக்ரான் பாலிதீன் ஷீட், அதன்மேல் 2 இஞ்ச் ராக்வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு), பிறகு குறைந்தது 2 இஞ்ச் காலியிடம், கடைசியில் தகரம். பாலிதீன் துண்டுகளை 6 இஞ்ச் ஏற்றிப் போட்டு டேப் ஒட்டுங்கள். காலியிடத்தில் காற்று ஓட, இறவாணத்திலும் முகட்டிலும் திறப்பு விட்டு எலி நுழையாத கம்பி வலை அடியுங்கள். உறைபனி இரவில் தகரத்தடியில் கொஞ்சம் ஈரம் படிந்தாலும் வெயில் ஏறினால் அந்தக் காற்று உலர்த்திவிடும். பலரும் தவறுவது பாலிதீனில்தான். அதை ராக்வுல்லுக்கு மேலே விரித்தால் ஆவி பஞ்சுக்குள்ளேயே சிக்கி நனைக்கும், நனைந்த பஞ்சு குளிரைத் தடுக்காது. தெர்மாகோலைத் தகரத்தில் நேராக ஒட்டுவதும் வேண்டாம். இடுக்கு வழியாக ஆவி போய் மறைவில் துரு பிடிக்கும். தெர்மாகோல் தீப்பிடிக்கும் பொருள் என்பதையும், ஒயரின் மேலுறையை நாளடைவில் கெடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செலவு கூடுதல்தான். ஆனால் 2 இஞ்ச் ராக்வுல் தரும் தடுப்பைச் செங்கல்லில் பெற ஏறத்தாழ 3 அடிச் சுவர் கட்ட வேண்டும்.

கோத்தகிரியில் பழைய மர ஜன்னல்கள். காற்றடித்தால் சீட்டி கேட்கிறது. எந்த ரப்பர் வாங்குவது?

இடைவெளியை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சப்பாத்தி மாவைக் கோலியளவு உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் வைத்து மூடித் திறங்கள். நசுங்கிய மாவின் கனம்தான் இடைவெளி. 3 மில்லிமீட்டர் என்றால் 5 மில்லிமீட்டர் ரப்பர் பட்டை சரி. அதைவிடத் தடித்தால் கொண்டி விழாது, நாளடைவில் கதவும் முறுக்கிக்கொள்ளும். ஸ்பாஞ்ச் பட்டை சீக்கிரம் அமுங்கிச் செத்துவிடும், வெயில் மழை தாங்கும் ஈபிடிஎம் (EPDM) ரப்பரே கேளுங்கள். கதவு வந்து அழுத்தும் முகத்தில் ஒட்டுங்கள், உரசும் முகத்தில் ஒட்டினால் உரிந்துவிடும். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை நனைப்பதால் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு வெயில் நாளில், ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். ஒட்டியபின் நான்கு பக்கமும் ஊதுபத்தி காட்டினால் எங்கே விட்டுப்போனது என்று புகை சொல்லும்.

மழையில் ஊதிய ஜன்னலுக்கு இழைப்புளி போடாதீர்கள். கோடையில் மரம் சுருங்கியதும் புது இடைவெளி வந்துவிடும்.

கொடைக்கானலில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் வீடு. மேட்டுப் பக்கச் சுவரில் ஓதம். வாட்டர்புரூப் பெயிண்ட் அடித்தும் ஒரே வருடத்தில் பொரிந்துவிட்டது.

பெயிண்ட் ஈரத்தை நிறுத்தவில்லை, சுவருக்குள் பூட்டிவிட்டது. கோளாறு வெளியே இருக்கிறது. சரிவில் இறங்கும் நீர் அந்தச் சுவரில்தான் முட்டும். வெளி மண் வீட்டுத் தரையைவிட 6 இஞ்சாவது தாழ்ந்திருக்கட்டும். சுவரிலிருந்து 3 அடி தள்ளி, 1 அடி அகலத்தில், அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைவிட ஆழம் போகாமல் வாய்க்கால் வெட்டுங்கள். 4 இஞ்ச் துளைக் குழாயைத் துளை கீழ்நோக்கி, 100 அடிக்கு 1 அடி வாட்டத்தில் வைத்து, முக்கால் இஞ்ச் ஜல்லி நிரப்புங்கள். மண் புகாமல் ஜல்லியைச் சுற்றி ஜியோடெக்ஸ்டைல் துணி வேண்டும், இல்லாவிட்டால் சில மழையில் அடைத்துக்கொள்ளும்.

அதன்பின் பெயிண்டைச் சுரண்டி ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். பூச்சு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். சிமெண்ட் வேண்டவே வேண்டாம், பழைய சுவர் மூச்சு விட்டாக வேண்டும்.

ரூம் ஹீட்டரால் கரண்ட் பில் எகிறுகிறது.

2000 வாட் ஹீட்டர் தினம் 5 மணி நேரம் ஓடினால் 10 யூனிட், இரண்டு மாத பில்லில் 600 யூனிட். 100 வாட் மின் போர்வை இரவெல்லாம் 8 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. தூங்கும் நேரத்துக்கு அது போதும்.

எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டோம். இரவில் கரி அடுப்பு வைக்கலாமா?

கூடாது. கரிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை. தணல் அவிந்ததுபோலத் தெரிந்தாலும் அது வந்துகொண்டே இருக்கும், உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோவார். ஜன்னலைச் சற்றே திறந்து வைத்தாலும் ஆபத்து தீராது. தலைவலி, குமட்டல் வந்தால் உடனே எல்லோரையும் வெளியே கூட்டிவந்து 108-ஐ அழையுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் இதே கதிதான். அதை வெளிச்சுவருக்கு மாற்றிய பிறகே அந்த ஜன்னலுக்கு ரப்பர் ஒட்டுங்கள்.