க்ரீம் வாங்கச் சொல்றவங்களுக்கு காசு எங்கருந்து வருது? – வாசகர் கேள்வி பதில்

மால்ல ஃப்ரீ ஸ்கின் டெஸ்ட்னு கூப்பிட்டு, மெஷின வச்சுப் பாத்துட்டு முகம் ஃபுல்லா டேமேஜ்னு சொல்லி 6,400 ரூபாய்க்கு கிட் எழுதிக் குடுத்தாங்க. வாங்கலாமா? – ஆர்., கோவை

வாங்காதீங்க. டெஸ்ட் பண்ணின கவுண்டர் பொண்ணு மேல தப்பு இல்ல, அவங்களுக்கு சம்பளம் குடுக்கிறது அந்த கம்பெனி, மாசாமாசம் டார்கெட், வித்தா இன்சென்டிவ், அப்புறம் எப்படி வேற கம்பெனி க்ரீம் உங்களுக்கு நல்லதுன்னு சொல்வாங்க? இப்படி ஒரு கவுண்டர்ல நான் வாங்கின விட்டமின் சி சீரம், கண்ணாடி பாட்டில்ல வெளிச்சம் பட்டு பிரவுனாகி பாதி கூட தீராம குப்பைக்குப் போச்சு. மாத்திக் கேட்டா "ஓப்பன் பண்ணிட்டீங்களே"ன்னாங்க.

யூடியூப்ல ஒரு அக்கா வீடியோதான் நான் பாப்பேன். காசு வாங்காம ஹானஸ்ட்டா சொல்றேன்னு சொல்றாங்க, ஆனா கீழ லிங்க் இருக்கு. நம்பலாமா? – எஸ்., மதுரை

அந்த லிங்க்ல நீங்க வாங்கினா அவங்களுக்கு கமிஷன் வருதான்னு முதல்ல பாருங்க. வருதுன்னா அவங்க காசு வாங்கறாங்க, அவ்ளோதான்.

இதுல எனக்கு ரொம்ப நாளா கோவம் இருக்கு, சொல்லிடறேன். 2023 ஜனவரில மத்திய நுகர்வோர் துறை தெளிவா விதிமுறை போட்டுச்சு. பணம் மட்டும் இல்ல, ஓசில வந்த டப்பா, டிஸ்கவுன்ட், ஹோட்டல்ல தங்க வச்சது, சொந்தக்காரங்க கம்பெனி, எதா இருந்தாலும் வெளிப்படையா சொல்லணும். அதையும் டிஸ்கிரிப்ஷன்ல ஹேஷ்டேக் கூட்டத்துக்குள்ள ஒளிச்சு வைக்கக் கூடாது, வீடியோலயே தெரியணும், வாயாலயும் சொல்லணும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தப்பா வழிநடத்தற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பவும் செஞ்சா 50 லட்சம் வரைக்கும், விளம்பரத்துல வர்றவங்கள ஒரு வருஷம் வேற எதுக்கும் வரக்கூடாதுன்னு தடையே போடலாம். இவ்ளோ இருந்தும் தினமும் "என்னோட ஃபேவரிட்"னு புதுசா ஒண்ண காட்டறாங்க, பாக்கறது பத்தாவது படிக்கற பிள்ளைங்க, பாக்கெட் மணில வாங்கறாங்க. அந்த அக்கா மூணு மாசம் முன்னாடி ஃபேவரிட்னு சொன்னத இன்னைக்கும் யூஸ் பண்றாங்களான்னு பழைய வீடியோவப் போய் பாருங்க.

வாட்ஸ்அப்ல ஒரு அக்காகிட்ட ஹோம்மேட் வைட்டனிங் க்ரீம் வாங்கினேன், 1,800 ரூபா. பத்து நாள்ல பளிச்சுனு ஆச்சு. நிறுத்தினதும் முகம் செவந்து எரியுது, ஒரே பரு. கேட்டா பிளாக் பண்ணிட்டாங்க. – பேர் வேண்டாம், திண்டுக்கல்

அம்மாடி, தப்பு உங்களோடது இல்ல, முதல்ல அத மனசுல வச்சுக்கங்க. பத்து நாள்ல பளிச், நிறுத்தினா எரிச்சல்னா பெரும்பாலும் உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கும். இந்த மாதிரி க்ரீம்ல பாதரசம் கலக்கறதும் உண்டு, மலப்புரத்துல அப்படி க்ரீம் பூசினவங்களுக்கு கிட்னி பாதிச்சு டாக்டருங்க அத ஆய்வாவே வெளியிட்டாங்க. அதனால எரிச்சல் தாங்கலன்னு திரும்ப அதையே பூசிடாதீங்க, இந்த வாரமே ஜிஎச் தோல் ஓபிக்குப் போங்க, அங்க காசு கேக்க மாட்டாங்க. டப்பாவ தூக்கிப் போடாம எடுத்துட்டுப் போங்க, யூரின் டெஸ்ட் எடுக்கணுமான்னும் கேளுங்க. கால் வீங்கினா, யூரின் நுரையாப் போனா உடனே சொல்லுங்க.

சாட், பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேவ் பண்ணிட்டு 1915க்கு போன் பண்ணி புகார் குடுங்க. லைசென்ஸ் இல்லாம காஸ்மெடிக் தயாரிச்சு விக்கறது குற்றம், டிரக் இன்ஸ்பெக்டர் ஆபீஸ்லயும் எழுதிக் குடுங்க. நஷ்டஈடு வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், உங்க தொகைக்கு ஃபீஸே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

ரீல்ஸ் பாத்து அஞ்சு சீரம் வாங்கி ஒரே நைட்ல போட்டேன், தோல் உரியுது. ரீஃபண்ட் கேட்கலாமா? – கே., சென்னை

எதுக்கு ரீஃபண்ட்? டப்பாலயே காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவிப் பாத்துட்டு போடச் சொல்லி எழுதியிருக்கும், படிச்சீங்களா? எல்லாத்தையும் நிறுத்துங்க. சரியாகலன்னா டாக்டர்கிட்ட போங்க.

அப்போ யார்கிட்டதான் கேக்கறது? – வி., திருச்சி

விக்காதவங்ககிட்ட. தோல் டாக்டர்னா எம்.டி. டிவிஎல், இல்ல டிடிவிஎல் படிச்சிருக்காங்களான்னு பாருங்க, போர்டுல வெறும் "காஸ்மெடாலஜிஸ்ட்"னு இருந்தா டாக்டரான்னு கேளுங்க, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் சைட்ல பேர் போட்டா தெரிஞ்சிடும். எழுதிக் குடுக்கற க்ரீம் அவங்க கிளினிக்ல மட்டும்தான் கிடைக்கும்னா உள்ள என்ன மருந்துன்னு எழுதித் தரச் சொல்லுங்க, அதே மருந்து வெளி மெடிக்கல்ல பாதி விலைக்கு கிடைக்கலாம். கன்சல்டிங் ஃபீஸ் 500 ரூபா அதிகம்னு யோசிக்கறவங்க 6,400க்கு கிட் வாங்கறதுதான் எனக்குத் தாங்கல.

தங்கச்சிக்கு கல்யாணம். பார்லர்ல கலராக குளுட்டாதயோன் ஊசி பேக்கேஜ், 45,000 அட்வான்ஸ் கேக்கறாங்க. – எம்., சேலம்

கட்டாதீங்க தம்பி. கலராக்கறதுக்கு அந்த ஊசிக்கு நம்ம நாட்டுல அனுமதியே கிடையாது, பார்லர்ல இருக்கவங்களுக்கு நரம்புல ஊசி போடற உரிமையும் இல்ல.